கூடைக்குள் இருக்கும் அரை மணி நேரம்

(கேகாலை மாவட்டம், மீகஹகந்த தோட்டப் பாடசாலை மண்டபத்தில் 2008 டிசம்பரில் நடைபெற்ற கணினி ஆசிரியை மூ. தர்மிளா அவர்களின் இரங்கல் கூட்டத்தில், மாவனல்லை எஸ். மீராசாஹிப் ஆற்றிய உரை.)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோட்டக் கணினிக் கல்விச் சங்கத் தலைவர் வேலுசாமி ஐயா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் அதிபர் அவர்களே! மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூக்கையா அண்ணன் அவர்களே! மனைவியை இழந்து நிற்கும் தம்பி கிருஷ்ணகுமார் அவர்களே! குருவிட்டவிலிருந்தும் கரவனெல்லையிலிருந்தும் இந்த மழையில் பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியர்களே! லய வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கைப்பிடித்து வந்திருக்கும் தாய்மாரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு முன் பேசியவர்கள் ஆசிரியை தர்மிளா அவர்களைத் தியாகி என்றார்கள், தெய்வம் என்றார்கள். ஒருவர் விளக்கு என்றார். நல்லது. நான் அப்படியெல்லாம் பேசப் போவதில்லை. நான் அவரோடு ஒன்பது வருடம் சண்டை போட்டவன். காணிச் சண்டை இல்லை, சாதிச் சண்டை இல்லை, சமயச் சண்டையும் இல்லை. கணினி மொழியொன்றின் நூலகத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்று சண்டை. கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தச் சண்டையைச் சொல்லாமல் தர்மிளா டீச்சரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியாது.

கணினிக்கு வேலை சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும். அதற்குப் பெயர் நிரல்மொழி. அந்த மொழியோடு ஒரு நூலகமும் சேர்ந்து வரும். நூலகம் என்றால் புத்தக அலுமாரி இல்லை. யாரோ ஏற்கெனவே செய்து வைத்த சின்னச் சின்ன வேலைப் பகுதிகள். பெயர்களை அகரவரிசையில் அடுக்க ஒன்று, சராசரி பார்க்க ஒன்று, திகதி சொல்ல ஒன்று. அவை இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தேவையில்லை. எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

1999-இல் மாவனல்லையில் கண்டி வீதியோரம் இருக்கும் என் கணினிக் கடைக்கு இந்தத் தோட்டத்து இளம் ஆசிரியை ஒருவர் வந்தார். கையில் குடை, தோளில் பை, முகத்தில் கோபம். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காகக் கணினியும் தெரியக்கூடாதா என்று என்னிடம் கேட்டார். என்னவோ நான்தான் ஆங்கிலத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி! அன்று தொடங்கியதுதான் தமிழ்ச் சொற்களால் எழுதும் நம் சின்ன நிரல்மொழி. அதற்குக் கொழுந்து என்று பெயர் வைத்தவர் அவர்தான். "பாதித் தோட்டம் ரப்பர்தானே டீச்சர், பால் எண்டு வைப்போமே" என்றேன். "பால்னு வச்சா நீங்க டீ போட்டு வித்துருவீங்க நானா" என்றார். வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் என்னை அண்ணனாக்கி நானா என்கிறார், அதற்குள் இந்த வாய்!

மொழி கொழுந்து என்றால் அதன் நூலகம் என்ன? கூடை. இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது விளங்கும். முதுகில் கூடை இல்லாமல் மலைக்குப் போனால் கொழுந்தை எதில் போடுவது? வருடத்துக்கு ஒரு தடவை கொழுந்தையும் கூடையையும் ஒரே இறுவட்டில், அதாவது சீடியில், பதித்து, சப்ரகமுவ மாகாணத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொடுத்தோம். ஆசிரியை தர்மிளா அவர்கள் முதல் நாளே ஒரு விதி போட்டார். நாங்கள் இருவரும் சரி சொன்னால்தான் எந்தப் பகுதியும் கூடைக்குள் போகும். இருவரும் சரி சொன்னால்தான் உள்ளே போனது வெளியே வரும். ஒருவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். நானும் ஒப்புக்கொண்டேன். அந்த மனுஷியின் மாட்டேன் எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சண்டை எங்கே வந்தது? கூட்டல் கழித்தல் பகுதியில் வரவில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பது எந்த அரசாங்கம் வந்தாலும் மாறாது. ஆனால் சில பகுதிகள் ஓடிக்கொண்டே இருப்பவை. தமிழ் எழுத்துரு வருடத்துக்கு ஒரு கோலம். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் திடீரென்று ஓர் இலக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படி ஓடுகிற பகுதியைக் கூடைக்குள் போடலாமா, கூடாதா? இதுதான் கேள்வி.

கூடாது என்றேன் நான். இன்றைக்கும் கூடாது என்றுதான் சொல்கிறேன். ஏன்? கூடைக்குள் போன பொருளுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் விடிவு. மற்ற நாளெல்லாம் வெளியே உலகம் மாறும், உள்ளே அது அப்படியே கிடக்கும். கூடையில் இருப்பதால் பிள்ளைகள் அதை நம்புவார்கள். நம்பி அதன் மேல் தங்கள் வேலையைக் கட்டுவார்கள். கட்டிய பிறகு நாம் அதில் கை வைத்தால் அவர்களுடையது உடையும், கை வைக்காவிட்டால் நம்முடையது ஊசிப்போகும். ஆகவே ஓடுகிறதை வெளியே விடுங்கள், தேவையானவர்கள் என் இணையத்தளத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். இதில் என்ன பிழை? சொல்லுங்கள், என்ன பிழை?

அவர் சொன்னார்: "நானா, வெளியன்னா உங்களுக்கு ஒரு பட்டன அமுக்குறது. எங்களுக்கு வெளியன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம்ங்க. கூடையில வர்றதுதான் எங்களுக்கு வரும்."

"ஊசிப்போன சோத்தக் குடுக்கிறத விட, சோறு இல்லண்டு சொல்றது மேல் டீச்சர்."

"பசிக்கிற புள்ளகிட்ட வந்து நீங்களே அதச் சொல்லுங்க நானா."

இப்படியே ஒன்பது வருடம்! என் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் எங்கள் இருவரையும் பார்த்துப் பயந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். என் மகள் ரஹ்மா இரண்டு பேருக்கும் தேநீர் வைத்துவிட்டு, ஆறிப்போன பிறகு எடுத்துக்கொண்டு போவாள்.

2003-இல் நான் வென்றேன். எழுத்துரு மாற்றும் பகுதியைக் கூடைக்கு வெளியே வைத்தோம். அந்த வருடம் குருவிட்டவுக்கு அருகே தனுஜா டீச்சரின் பாடசாலையில் பரிசளிப்பு விழா. இதோ, அவரே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பரிசு பெறும் பிள்ளைகளின் பெயரைச் சான்றிதழில் அச்சடிக்கப் பிள்ளைகளே கொழுந்தில் நிரல் எழுதினார்கள். அழகாக எழுதினார்கள். ஆனால் அச்சு இயந்திரம் இருந்த கணினியில் வேறு எழுத்துரு. பெயர் வர வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்யும் பகுதி எங்கே இருந்தது? மாவனல்லையில், என் இணையத்தளத்தில், புத்தம் புதிதாக, பிழை ஒன்றும் இல்லாமல் இருந்தது. பாடசாலையில் தொலைபேசி இல்லை. விழாவில் வெறும் சான்றிதழைக் கொடுத்தார்கள். ஒரு தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்புள்ள பேரு எங்கங்க டீச்சர்?" என்று கேட்டாராம்.

தர்மிளா டீச்சர் இதை என்னிடம் வந்து சொன்னபோது சத்தம் போடவில்லை. அந்தத் தாய் கேட்டதை அப்படியே சொன்னார், பிறகு கதிரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் சத்தம் போட்டால் எனக்குப் பதில் வரும். சும்மா உட்கார்ந்தால் என்ன செய்வது? எழுத்துருப் பகுதிக்குச் சரி சொன்னேன். அதோடு விட்டாரா? அந்தச் சூட்டிலேயே நேரப் பகுதிக்கும் என்னிடம் சரி வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரி!

நேரப் பகுதி என்றால் என்ன? கணினிக்குள் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்து, கூட்ட வேண்டியதைக் கூட்டி, இலங்கையில் இப்போது எத்தனை மணி என்று சொல்லும் பகுதி. நேரம் எப்படி மாறும் என்று வெளிநாட்டுக்காரன் கேட்கலாம், நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். 96-இல் மின்வெட்டுக் காலத்தில் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். பிறகு யோசித்து அரை மணித்தியாலம் திருப்பித் தந்தார்கள். பாக்கி அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு அழைத்தால்கூட, "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தானே புறப்பட்டோம்?

இங்கே மூக்கையா அண்ணன் இருக்கிறார். அவர் ஒருவர் மட்டும் தன் கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. பத்து வருடமும் பழைய நேரம். காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, மனத்துக்குள் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்வார். 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. அன்று அண்ணன் கையை நீட்டிக் காட்டினார்: "நான் அப்பவே சொன்னேன்ல, சுத்திட்டு இங்கதான் வருவானுங்கன்னு!" நான் விடுவேனா? "பார்த்தீங்களா டீச்சர், உங்கட வாப்பாட மணிக்கூட? ஓடுறதுக்குப் பின்னால ஓடாம இருந்தா ஒரு நாள் சரியாயிரும்" என்றேன். "பத்து வருசம் பஸ்ஸ விட்டது யாருங்க நானா, நீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அண்ணனும் சிரித்தார். இன்றைக்கு அண்ணனைச் சிரிக்க வைக்க என்னால் முடியவில்லை.

அந்த ஏப்ரலில்தான் நம் கூடையின் வண்டவாளம் வெளியே வந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தர்மிளா டீச்சர் இருந்தால் அவரும் மறைக்க விடமாட்டார்.

இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு மின்மணி இருக்கிறதல்லவா? டீச்சரின் மாணவர்கள் கொழுந்தில் நிரல் எழுதி, கணினியோடு பொருத்திக் கொடுத்த மணி. கரவனெல்லை ஆஸ்பத்திரியில் கிளினிக் உள்ள நாளில் காலையில் அது அடிக்கும். மணி கேட்டால் நோயாளிகள் லயத்திலிருந்து இறங்கி ரோட்டுக்கு வரவேண்டும், தோட்டத்து லொறி ஏற்றிக்கொண்டு போகும். மலை உச்சி லயத்தில் மணிக்கூடு இல்லாத வீடு உண்டு. மணி கேட்காத வீடு இல்லை.

புது நேரம் போய்ப் பழைய நேரம் வந்த அன்று, டிஸ்பென்சரி மருத்துவமாது தெரேசம்மா வானொலியில் கேட்டவுடன் கணினியின் கடிகாரத்தைக் கையாலேயே அரை மணித்தியாலம் பின்னால் தள்ளினார். செய்தது சரி. புத்தாண்டு விடுமுறை முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும், நேரப் பகுதியை அரை மணித்தியாலம் குறைத்துத் திருத்தி, ஒரு டிஸ்க்கில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். உடனே போடவும் என்று மேலே ஒட்டியிருந்தேன். அதுவும் சரி. டிஸ்க் கைக்கு வந்ததும் தெரேசம்மா உடனே போட்டார். அதுவும் சரிதானே? எல்லாம் சரி. ஆனால் கையால் தள்ளியது ஓர் அரை மணித்தியாலம், டிஸ்க்கில் போனது ஓர் அரை மணித்தியாலம். அரசாங்கம் கேட்டது ஒன்றைத்தான், நாங்கள் இரண்டாகக் கொடுத்துவிட்டோம்! அடுத்த கிளினிக் நாளில் மணி அரை மணித்தியாலம் பிந்தி அடித்தது. லொறிக்காரருக்கு மணி எதற்கு? அவர் கையில் கடிகாரம் இருந்தது. வழமைபோலப் போய்விட்டார்.

இலட்சுமி என்ற தாய் உச்சி லயத்தில் மகளோடு மணிக்காகக் காத்திருந்தார். பிள்ளையை நாய் கடித்திருந்தது. அன்று அடுத்த ஊசி போடவேண்டிய நாள். தள்ளிப்போடுகிற ஊசியா அது? மணி கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ரோட்டில் லொறி இல்லை, ஆள் இல்லை. டிஸ்பென்சரி வாசலில் அவர் அழுத அழுகை பாடசாலைக்குக் கேட்டது.

ஆசிரியை தர்மிளா அவர்கள் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். விசாரணை பண்ணவில்லை, யாரையும் ஏசவில்லை. ஒரு த்ரீவீலைப் பிடித்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றி, தானும் ஏறிக் கரவனெல்லைக்குப் போய், ஊசி போட்ட பிறகுதான் திரும்பினார். பிள்ளை சுகமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். இன்று இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறாள். ஆனால் வரும் வழியில் இலட்சுமி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இனிமே நான் மணிய நம்பவா, லொறிய நம்பவா?"

சபையோரே! எத்தனை பெரியவர்கள் எத்தனை கூட்டம் போட்டு இந்த நூலக விவகாரத்தைப் பேசியிருப்பார்கள்! இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டார்களா? தர்மிளா டீச்சர் அந்தத் தாயிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "மணிய நம்புங்க. நான் சரி பண்ணித் தர்றேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சொன்னபடி அன்று பின்னேரமே மணியைச் சரி பண்ணினார்.

மறுநாள் என் கடைக்கு வந்தார். நான் ஆயத்தமாக இருந்தேன். நான் சொன்னேனா இல்லையா, ஓடுகிறதைக் கூடைக்குள் போட்டால் இதுதான் நடக்கும், எடுத்து வெளியே போடுவோம், மணி கணினியின் வெறும் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கட்டும் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கூடையால வந்த பிழை இல்லைங்க நானா. திருத்தம் ரெண்டு பக்கத்தால வந்துச்சு, அதான் பிழை. கூடையில இருந்து மட்டும்தான் நேரம் வரும், வேற யாரும் தொடத் தேவையில்லன்னு முன்னமே சொல்லிக் குடுத்திருந்தா தெரேசம்மாக்கா கைய வச்சிருப்பாங்களா?" நடந்தது ஒரே சம்பவம். அவருக்கு அது உள்ளே வைக்கச் சாட்சி, எனக்கு அது வெளியே எடுக்கச் சாட்சி. இப்படி ஒரு பிடிவாதக்காரியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? இப்படி ஒரு பிடிவாதக்காரனையும் கண்டிருக்க மாட்டீர்கள், அது வேறு விஷயம்.

ஆனால் ஒரு வித்தியாசம். நான் வாதாடிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாதாடிவிட்டு பஸ் ஏறினார். "கூடைக்குள்ள வைக்கணும்னு சொல்றவ நான்தான். அப்ப அதப் புதுசா வச்சிருக்கறதும் என் வேலதானுங்க" என்றார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு இறுவட்டு என்பது போய், பள்ளித் தவணைக்கு ஒரு இறுவட்டு என்று ஆனது. ஒவ்வொரு பாடசாலைக்கும் அவரே கொண்டு போனார். தபாலில் அனுப்பலாமே என்றேன். தபாலில் போனால் யாரும் போட மாட்டார்கள், போட்டாலும் இரண்டு தடவை போடுவார்கள் என்றார். என்னைக் குத்துகிறாராம்!

நாடு இருக்கும் நிலைமை உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டை, பை நிறைய வட்டு, வயர். சோதனைச் சாவடியில் இறக்காமல் விடுவார்களா? ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். பையைக் கொட்டச் சொன்னார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சர் ஒவ்வொரு வட்டாக மேசையில் அடுக்கிவைத்து, "இஸ்கோலே லமயின்ட்ட, மஹத்தயா" என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐயா என்று சிங்களத்தில் சொன்னதோடு நின்றாரா? தன் மகனும் கணினி படிக்கிறான் என்று அந்த இராணுவ வீரர் சொல்ல, இவர் அங்கேயே ஒரு வட்டை எடுத்துக் கொடுத்து, நேரப் பகுதியை எப்படிப் போடுவது என்று பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைச் சபித்திருப்பார்கள்.

இந்த ஒக்டோபர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குருவிட்டப் பக்கம் பாதையில் வெள்ளம் நின்றது. பஸ் பாதியில் நின்றுவிட்டது. டீச்சர் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்து தனுஜா டீச்சரின் பாடசாலைக்குப் போனார். வட்டைப் போட்டார், நேரத்தைச் சரிபார்த்தார், பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டார், திரும்பி வந்தார். பிறகு காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார்கள். அந்த வெள்ளத்தில்தான் பிடித்ததா, இங்கே வயல் ஓரத்தில் பிடித்ததா, யாருக்கும் தெரியாது. டொக்டரிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். வைத்தியர்கள் செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள். முப்பத்தேழு வயது மனுஷி போய்விட்டார்.

சபையோரே, மையத்து வீட்டில், அவர் உடலைக் கிடத்தியிருந்த அறையில், நான் ஒரு மூலையில் நின்று என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த நேரப் பகுதி கூடைக்கு வெளியே இருந்திருந்தால் இவர் தண்ணீருக்குள் இறங்கியிருக்க மாட்டாரே என்று நினைத்தேன். சண்டையில் நான் சொன்னதே சரி என்று நினைத்தேன். சரியாக இருந்து என்ன பிரயோசனம்! இதைத் தம்பி கிருஷ்ணகுமாரிடம் சொல்லியும்விட்டேன். அவர் அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்து, "நானா, சீடி இல்லாட்டியும் அவ போயிருப்பா. புள்ளைங்களப் பாக்கப் போயிருப்பா. சீடிங்கறது ஒரு சாக்குதான்" என்றார். தம்பி, நீங்கள் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

அதற்கு அடுத்த கிழமை நம் தலைவர் வேலுசாமி ஐயா எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஜனவரியில் பாடசாலை திறக்கும்போது புதிய வட்டு வரவேண்டும். "நானா, இப்பத்தான் தடுக்க யாரும் இல்லையே. அந்த நேரப் பகுதிய எடுத்துட்டு, உங்க இஷ்டப்படி வட்ட அடிச்சிருங்களேன். தோட்டம் தோட்டமா யார் இனிப் போறது?" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஐயா, மன்னிக்க வேண்டும். அதற்கான பதிலை இன்று சபையில் வைத்துச் சொல்கிறேன்.

நம் விதி என்ன? உள்ளே போனது வெளியே வருவதென்றால் இருவரும் சரி சொல்ல வேண்டும். ஒக்டோபர் தொடக்கத்தில் என் கடையில் வைத்து அவரிடம் கேட்டேன். "கடைசியாக் கேக்கிறன் டீச்சர், அந்த நேரப் பகுதிய எடுப்போமா?"

"மாட்டேன் நானா. அடுத்த வருசமும் கேளுங்க. அப்பவும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்."

கேட்கத்தான் இருந்தேன்! இரண்டு புதிய நியாயம் கூட யோசித்து வைத்திருந்தேன். நல்ல நியாயங்கள். இந்தத் தடவை மடக்கிவிடுவேன் என்று ரஹ்மாவிடம் சொல்லிக்கூட வைத்திருந்தேன். இப்போது அதை யாரிடம் கொண்டு போய்ச் சொல்வது? எந்தக் கதிரைக்கு முன்னால் நின்று சொல்வது? அவரை மனம் மாற்ற இனி எனக்கு வழியில்லை. மனம் மாறாத வரைக்கும் அவருடைய மாட்டேன் மாட்டேன்தான். அவர் மண்ணுக்குள் போனதால் அந்த வார்த்தையும் மண்ணுக்குள் போய்விட்டது என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குத் தர்மிளா டீச்சரையும் தெரியாது, மீராசாஹிபையும் தெரியாது.

ஆகவே நேரப் பகுதி கூடையிலேயே இருக்கும். எழுத்துருப் பகுதியும் இருக்கும். நான் உயிரோடு உள்ளவரை இருக்கும். இருந்தால் மட்டும் போதுமா? ஊசிப்போக விடக்கூடாது. அது அவர் எடுத்துக்கொண்ட வேலை, இன்றிலிருந்து அது என் வேலை. கடையை ரஹ்மா பார்த்துக்கொள்வாள். தவணை தொடங்கும்போது வட்டோடு நான் பஸ் ஏறுவேன். சாவடியில் நாக்கு ஒட்டினால் ஒட்டட்டும், சிங்களம் எனக்கும் தெரியும்தானே. தெரேசம்மா, உங்கள் டிஸ்பென்சரிக்குத்தான் முதலில் வருவேன். நான் வரும்வரை கடிகாரத்தில் கை வைக்காதீர்கள். இலட்சுமி அம்மா, நீங்கள் மணியை நம்பலாம். அது டீச்சர் கொடுத்த வாக்கு, அதற்கு நான் பிணை.

ஒரு கதிரை காலியாக இருக்கிறது. கூடையில் புதிதாக வருகிற பகுதிகளுக்கு இரண்டாவது சரியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தனுஜா டீச்சர், அந்தக் கதிரையில் நீங்கள் உட்கார வேண்டும் என்று சங்கத்தின் முன் கேட்கிறேன். பெயரில்லாத சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தவர் நீங்கள். ஆனால் ஒன்று, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டக் கூடாது. என்னோடு சண்டை பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வேறு ஆள் தேடுவேன். தேநீர் ஆறிப்போகாத கூட்டம் எனக்கு இனிப் பழக்கமில்லை.

பெரியவர்களே, தாய்மாரே, பிள்ளைகளே! எல்லோரும் இவரை வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு வாழ்த்திப் பழக்கமில்லை, வாதாடித்தான் பழக்கம். மேடையில் இருக்கும் டீச்சரின் படத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

தர்மிளா டீச்சர்! நீங்கள் சொன்னது பிழை. ஓடுகிறதைக் கூடைக்குள் போடக் கூடாது. இன்றைக்கும் சொல்கிறேன், சபை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொல்கிறேன், பிழை. எங்கே, எழுந்து வந்து ஒரு பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

வரமாட்டீர்கள், இல்லையா?

சரி. கூடையைக் கொடுங்கள், நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.